படுக்கையில் ஒருவர் இருக்கும் ஆற்றோர வீடு: வெள்ளம் வந்தால் இருப்பதா, கிளம்புவதா?

2018 ஆகஸ்ட். இரவு பன்னிரண்டு மணிக்கு, பவானியில் எங்கள் வீட்டுத் தறிக்குழியில், அதாவது நெய்பவர் கால் வைக்கும் பள்ளத்தில், தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. வீதி காய்ந்துதான் கிடந்தது. வாசலில் ஒரு சொட்டு இல்லை. "வாசலுக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் அம்மணி, எங்கள் காலத்தில் பார்க்காத தண்ணீரா" என்றார் மாமனார். இரண்டரை மணிக்கு ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில் இருந்த அத்தையை, அதாவது என் மாமியாரை, ஜமக்காளத்தில் சுற்றி நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் ஒரு கையில் சிறுநீர்ப் பையும் ஒரு கையில் டார்ச்சுமாக நடந்தேன். மாமாவுக்கு, அதாவது மாமனாருக்கு, மறுநாள் காலை டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தச் சுத்திகரிப்பு). அவருடைய கோப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் நனைந்துகொண்டிருந்தது.

2022இல் மறுபடியும் ஆடி 18ஐ ஒட்டித் தண்ணீர் வந்தது. அந்த முறை அத்தையோடு நான் வீட்டிலேயே இருந்தேன். ஒரு கஷ்டமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் அழவில்லை. இந்த இரண்டு முறைக்கும் நடுவே நான் கற்றதைத்தான் எழுதுகிறேன். பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், கருங்கல்பாளையம், கொடுமுடி எனக் காவிரிக் கரையில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும், வீட்டில் நடக்க முடியாத பெரியவர்களை வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

நீலகிரிச் சரிவிலோ ஏற்காட்டுச் சரிவிலோ வீடு இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. மண் சரிவுக்கு மாடி கிடையாது, முன்னறிவிப்பும் அநேகமாகக் கிடையாது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் கீழே இறங்கிவிடுங்கள்.

1. உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொங்கு நாட்டில் கடல் இல்லை. புயல் கரையைக் கடந்து நம்மிடம் வரும்போது பெரும்பாலும் மழையாகவும் காற்றாகவும் இளைத்துவிடும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறித் திண்டுக்கல் வழியாகக் கேரளாவுக்குப் போனது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கொட்டித் தீர்த்தது. ஓட்டு வீடு, சிமென்ட் அட்டைக் கூரை, வீட்டை ஒட்டித் தென்னை மரம் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் காற்றைக் கவனிக்க வேண்டும். ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு ஆடியும் ஆவணியும்தான் கண்டம். தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் வெள்ளம் வரும். புதிதாக வந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

காவிரிக் கரைக்காரர்கள் கணக்கை வயநாட்டில் தொடங்க வேண்டும். வயநாட்டிலும் குடகிலும் பலத்த மழை என்றால் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிறையும். அங்கே திறக்கும் தண்ணீர் பிலிகுண்டுலு, ஒகேனக்கல் கடந்து மேட்டூருக்கு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். மேட்டூர் அணையின் உயரம் 120 அடி. கொள்ளளவு 93.47 டிஎம்சி (நூறு கோடி கன அடி ஒரு டிஎம்சி). அணை 100 அடியில் இருக்கும்போது ஒகேனக்கல்லில் நொடிக்கு லட்சம் கன அடி வந்தாலும் அணை வாங்கிக்கொள்ளும். 119, 120 அடியில் இருந்தால் வருவதை அப்படியே பதினாறு கண் மதகு வழியாகத் திறந்துவிடுவார்கள். ஆகவே 'மேட்டூர் நீர்மட்டம்', 'நீர்வரத்து' என்ற இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள்.

பவானி ஆற்றுக்கரை என்றால் கணக்கு வேறு. நீலகிரியில் மழை, பில்லூர் அணை, மேட்டுப்பாளையம், பிறகு பவானிசாகர். பில்லூர் சிறிய அணை. ஒரே இரவில் நிரம்பிவிடும். மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு எங்களைப் போல இரண்டு நாள் அவகாசம் கிடைக்காது. பவானிசாகர் 105 அடி, 32.8 டிஎம்சி. அது நிறையாதவரை கீழே சத்தியமங்கலம், கோபி, பவானி பக்கம் பயம் குறைவு.

பவானி ஊர் இரண்டு ஆறும் கூடும் இடம். 2018இல் மேட்டூரிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் கன அடி வந்த அதே நாட்களில் பவானிசாகரிலிருந்தும் உபரி நீர் வந்தது. அப்போது காவிரித் தண்ணீர் பவானி ஆற்றுத் தண்ணீரை எதிர்த்து நிற்கும், வீதிகளில் பின்பக்கமாக ஏறும். சாக்கடை வழியாகவும் தறிக்குழி வழியாகவும் முதலில் வருவது இந்தத் தண்ணீர்தான். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாங்கள் தறிக்குழியைப் பார்த்திருக்க வேண்டும்.

2. கெடுவை எண்ணாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்

அக்கம்பக்கத்தில் முப்பது ஆண்டுகளாக இருப்பவர்களிடம் கேளுங்கள்: "எத்தனை கன அடி திறந்தபோது இந்த வீட்டுப் படி நனைந்தது?" எங்கள் வீதியில் பதில் உடனே கிடைத்தது: ஒன்றரை லட்சத்துக்கு மேல் கீழ்ப்படி, இரண்டை நெருங்கினால் ஆசாரம். உங்கள் வீட்டுக்கு வேறு எண்ணாக இருக்கும். மேட்டூருக்கும் பவானிக்கும் நடுவே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை எனக் கதவணைகள் இருக்கின்றன. வெள்ளக் காலத்தில் அவை தடுத்து வைக்காது. மேட்டூரில் திறப்பது சில மணி நேரத்தில் நம் வாசலுக்கு வந்துவிடும்.

அந்த எண்ணில் கால் பங்கைக் கழியுங்கள். மீதிதான் உங்கள் கெடு: மேட்டூரில் திறப்பு அந்த எண்ணைத் தொட்ட அன்றே முடிவெடுத்துவிட வேண்டும். நகராட்சி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லும் எச்சரிக்கை, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவர்களுக்குப் போதுமானது. படுக்கையில் இருப்பவரை நகர்த்த எங்களுக்கு மூன்று மணி நேரமும் ஆறு பேரும் தேவைப்பட்டன. நம் கெடு ஊர்க் கெடுவுக்கு ஒரு பகல் முன்னால் இருக்க வேண்டும்.

இருட்டிய பிறகு முடிவை மாற்றக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம். மாலை ஐந்து மணிக்குள் கிளம்பவில்லை என்றால் மாடிக்கு ஏறிவிட வேண்டும். இரவில் ஓடும் தண்ணீரில் இறங்குவது, உள்ளே இருப்பதைவிட ஆபத்து. ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும். இரண்டடி ஓடினால் காரையே இழுத்துக்கொண்டு போகும்.

தகவலுக்கு: டிஎன் அலெர்ட் செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மின்வாரிய மின்னகம் 94987 94987. வாட்ஸ்அப்பில் உறவினர் அனுப்பும் 'அணை உடைந்தது' வகைக் குரல் பதிவுகளை அழித்துவிடுங்கள். 2018இல் அப்படி ஒன்று வந்து, மாமாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம்.

3. இருக்கலாம் என்பதற்கு என்னென்ன வேண்டும்

வீட்டிலேயே இருப்பதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். படுத்த படுக்கையாக இருப்பவரை முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அவரை வதைப்பதுதான். 2018இல் அத்தைக்கு முகாமில் இரண்டே நாளில் முதுகில் புண் வந்தது. ஆற ஐந்து மாதம் ஆனது. ஆனால் இருப்பதற்குத் தகுதி வேண்டும்.

காங்கிரீட் மாடி வேண்டும். ஓட்டு வீட்டுப் பரண் மாடி ஆகாது. மாடியில் கழிப்பறை இருக்க வேண்டும், அல்லது கமோடு நாற்காலியும் மூடி போட்ட வாளியும் இருக்க வேண்டும். மாடிப்படி ஆளைத் தூக்கிக்கொண்டு திரும்பும் அகலமா என்று இன்றே பாருங்கள். எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் கட்டில் நுழையாது. நாற்காலியில் உட்காரவைத்துத்தான் ஏற்ற முடியும் என்று 2018க்குப் பிறகுதான் தெரிந்தது. வீடு ஆற்றின் ஓட்டத்தில் இல்லாமல், தண்ணீர் தேங்கும் இடத்தில் இருக்க வேண்டும். மண் சுவரோ, பழைய சுண்ணாம்புச் சுவரோ, விரிசல் கண்ட சுவரோ இருந்தால் எத்தனை மாடி இருந்தாலும் கிளம்புங்கள்.

திடகாத்திரமான பெரியவர்கள் இருவர் கூட இருக்க வேண்டும். ஒருவர் போதாது. ஒருவர் தூங்க வேண்டுமே.

அடுத்த நான்கு நாளில் மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டியவர் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. டயாலிசிஸ், நிறைமாத கர்ப்பிணி, நேற்றுதான் நெஞ்சுவலி வந்தவர், மூச்சுத்திணறல் கூடிக்கொண்டே போகிறவர், இவர்களை வைத்துக்கொண்டு தங்காதீர்கள்.

இங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. குடும்பம் முழுவதும் ஒரே முடிவை எடுக்க வேண்டியதில்லை. 2022இல் மாமாவையும் குழந்தைகளையும் கெடு வந்த அன்றே பெருந்துறையில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அத்தையும் நானும் கொழுந்தனும் மாடியில் இருந்தோம். மாமாவுக்குச் சம்மதம் இல்லை. "குடும்பத்தைப் பிரிக்கிறாயே அம்மணி" என்றார். வாரம் இரண்டு முறை இயந்திரத்தில் படுக்க வேண்டியவர், மாடியில் எங்களோடு உட்கார்ந்து பாசம் காட்டி என்ன பயன்?

இருக்கத் தகுதி இல்லாத காரணங்களும் உண்டு. முகாமில் தெரிந்தவர்கள் பார்த்தால் கௌரவக் குறைச்சல். பாவு (நெய்ய நீளவாக்கில் கட்டும் நூல்) தறியில் ஏற்றியிருக்கிறது. ஆட்டைப் பட்டியில் விட்டு வர முடியாது. இவை உண்மையான கவலைகள்தான். ஆனால் ஆட்டை முன்கூட்டியே மேட்டுக்கு ஓட்டிவிடலாம். பாவை அறுத்து எடுத்துவிடலாம். நாங்கள் அறுக்காமல் விட்ட பாவு எப்படியும் சேறாகித்தான் போனது.

4. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஜிப் உறை. அதற்குள் இன்னொரு ஜிப் உறை. அது எங்கே இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரிய வேண்டும்.

ஆதார், குடும்ப அட்டை, பட்டா அல்லது வீட்டு வரி ரசீது, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை. மாற்றுத்திறனாளி என்றால் அடையாள அட்டை. கடைசி டிஸ்சார்ஜ் சுருக்கம். இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல்: மாத்திரைப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை. 'வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் பாதி' என்று எழுதி வைத்தால் முகாமில் இருக்கும் மருத்துவர் என்ன செய்வார்? ஒவ்வாமை இருந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

டயாலிசிஸ் நோயாளிக்குக் கூடுதலாக மூன்று காகிதங்கள் வேண்டும். ஒன்று, கடைசி மூன்று முறை செய்த டயாலிசிஸ் குறிப்பு. இரண்டு, உலர் எடை (உடம்பில் மிகுதி நீர் இல்லாதபோது இருக்கும் எடை) எவ்வளவு என்பது. மூன்று, மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி பரிசோதனை அறிக்கை; அது அண்மையில் எடுத்ததாக இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாமல் வேறு மருத்துவமனைக்குப் போனால் இயந்திரத்தில் ஏற்ற யோசிப்பார்கள். 2018இல் ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் நாங்கள் ஆறு மணி நேரம் நின்றது இதனால்தான். அவர்கள் மேல் தவறில்லை. மற்ற நோயாளிகளின் பாதுகாப்பு அது.

இசிஜி காகிதமும் சில ஏடிஎம் ரசீதுகளும் சூட்டில் அச்சாகிறவை. சில மாதத்தில் வெளுத்துவிடும். நகல் எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் படம் பிடித்து, வெள்ளம் வராத ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரின் கைப்பேசிக்கு அனுப்பிவிடுங்கள். எங்களுக்குத் திருப்பூரில் இருக்கும் என் தம்பி.

5. மின்சாரம், ஆக்சிஜன், மருந்து

தண்ணீர் ஏறினால் மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்திவிடும். அது நல்லதுதான். ஆனால் மூன்று நாளானாலும் வராமல் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு அத்தைக்கு இரவில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் தேவைப்பட்டது. வீட்டில் இருக்கும் ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் இயந்திரம்) 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். 150 ஏஎச் பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் புதிதாக இருந்தாலே நான்கு மணி நேரம் தாங்கினால் பெரிது. பழையதென்றால் இரண்டு, இரண்டரை. இன்வெர்ட்டர் இருக்கிறது என்று ஆக்சிஜன் நோயாளியை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். சிலிண்டர் வேண்டும். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் பன்னிரண்டரை மணி நேரம். டி டைப் 7,000 லிட்டர். அதே வேகத்தில் 58 மணி நேரம். ஆனால் அதை மாடிக்கு ஏற்றப் பயில்வான்கள் வேண்டும். நாங்கள் மூன்று பி டைப் வாடகைக்கு எடுத்தோம். இரவு மட்டும் பயன்படுத்தியதால் போதுமானதாக இருந்தது.

சிலிண்டரோடு ரெகுலேட்டர், தண்ணீர் குப்பி, திறக்கும் சாவி மூன்றும் வந்திருக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். எங்களுக்கு முதல் முறை சாவி வரவில்லை. கொழுந்தன் தறிப் பட்டறை ஸ்பேனரை வைத்து மல்லுக்கட்டினார். ஆக்சிஜன் இருக்கும் அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி எதுவும் கூடாது. வெள்ளிக்கிழமை என்று அம்மாயி விளக்கேற்ற வருவார். தடுத்துவிடுங்கள்.

காற்றுப் படுக்கையின் மோட்டார் நின்றால் படுக்கை தட்டையாகிவிடும். குழாயைக் கழற்றி முனையை மூடிவிட்டால் சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு கையால்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அசந்துவிடுவோம்.

இன்சுலின்: திறந்த குப்பி அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் கெடாது. குளிர்பெட்டி நின்றுவிட்டது என்று பதறிப் பனிக்கட்டிக்குள் புதைக்காதீர்கள், உறைந்தால்தான் வீணாகும். ஈர மணலில் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாமல் டப்பாவில் போட்டு வைத்தால் போதும்.

மாத்திரைகள் பத்து நாளுக்குக் கையிருப்பு இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாங்குபவர்கள், ஆடி மாதத்தில் தீரும் தறுவாயில் விடாமல் முன்கூட்டியே செவிலியரிடம் சொல்லிவையுங்கள். டயாபர், சிறுநீர்ப் பை, மூக்குக் குழாய்க்கான சிரிஞ்சு, கையுறை இவை வெள்ளத்தன்று கடையில் கிடைக்காது.

வீட்டுக்குள் பெட்ரோல் ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். மாடிப்படி அடியிலும் வேண்டாம். அதன் புகை வாசனை தெரியாமலே ஆளைக் கொல்லும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று கீழே தண்ணீரில் இறங்குபவர்கள் இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறார்கள். மெயின் அணைந்ததும் அதுதான் வீட்டு வயரில் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அதையும் அணைத்து, பேட்டரியை முன்பே மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

6. டயாலிசிஸ் நோயாளிக்கு

முன்கூட்டி அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதிலும் எங்கே அனுப்புவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பவானி ஊரிலிருந்து ஈரோட்டுக்கோ பெருந்துறைக்கோ போக பவானி ஆற்றைத் தாண்ட வேண்டும். குமாரபாளையம் போகக் காவிரியைத் தாண்ட வேண்டும். பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டால் அந்தியூர் திசையும் மேட்டூர் சாலையும்தான் மிச்சம். ஆகவே உங்கள் மருத்துவமனை ஆற்றின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தாளில் படம் வரைந்து பாருங்கள். அக்கரையில் இருந்தால் நோயாளியும் வெள்ளத்துக்கு முன்பே அக்கரையில் இருக்க வேண்டும்.

வெள்ள எச்சரிக்கை வந்ததும் மருத்துவமனைக்குப் போன் செய்து, வியாழக்கிழமை முறையைப் புதனே செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் செய்து தருவார்கள். எல்லோரும் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

டயாலிசிஸ் தள்ளிப்போனால் சாப்பாட்டில்தான் உயிர் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் யார் உடம்பு சரியில்லை என்றாலும் இளநீர் சீவிக் கொண்டுவந்துவிடுவார்கள். சிறுநீரக நோயாளிக்கு அந்த நேரத்தில் இளநீர் விஷம். வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி, கீரையும் வேண்டாம். பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். நிவாரணப் பொட்டலத்தில் வரும் புளிசாதமும் ஊறுகாயும் உப்பில் ஊறியவை. தாகம் கூடும், தண்ணீர் குடிப்பார், மூச்சு வாங்கும். உப்பில்லாத வெள்ளைச் சோறு, தண்ணீரை வடித்த காய், மருத்துவர் சொன்ன அளவில் பாதித் தண்ணீர். மூன்று நாளைத் தாண்டினால், அல்லது மூச்சு வாங்கினால், கால் வீக்கம் கூடினால், படகைக் கூப்பிட்டாவது போய்விடுங்கள்.

7. கிளம்புவதென்றால்

108 இலவசம். ஆனால் அது மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகும். நாத்தனார் வீட்டில் இறக்கிவிடச் சொன்னால் செய்யாது. உறவினர் வீட்டுக்கு என்றால் தனியார் ஆம்புலன்ஸோ, பின்னிருக்கை மடியும் வண்டியோ முன்பதிவு செய்ய வேண்டும். சாதாரண நாளில் 1,500 ரூபாய் கேட்டவர் 2018 வெள்ளத்தன்று எங்களிடம் 5,000 கேட்டார். கொடுத்தோம். 2022இல் கெடு வந்த அன்றே சொல்லிவிட்டதால் பழைய விலையே.

தூக்குவதற்குப் பவானி ஜமக்காளத்தைப் போல ஒரு பொருள் கிடையாது. இதை ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆளை நடுவில் படுக்கவைத்து, இரு பக்கமும் ஒரு மூங்கிலை வைத்து ஜமக்காளத்தை ஆளை ஒட்டி வரும்வரை இறுகச் சுருட்டினால் கிழியாத ஸ்ட்ரெச்சர் தயார். நான்கு பேர் தூக்கலாம், மாற்றிக்கொள்ள இரண்டு பேர். சமதரையில் கால் முன்னால் போகட்டும், மாடிப்படியில் ஏறினாலும் இறங்கினாலும் தலை மேல் பக்கம் இருக்கட்டும். சிறுநீர்ப் பை எப்போதும் உடம்புக்குக் கீழே தொங்க வேண்டும். வயிற்றின் மேல் வைத்தால் சிறுநீர் திரும்பிப் போய்த் தொற்று வரும். நான் 2018இல் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதன் பலனை ஒரு வாரம் காய்ச்சலாக அத்தை அனுபவித்தார்.

முகாம் என்றால் முன்கூட்டியே போய்ப் பாருங்கள். பள்ளியாகவோ கல்யாண மண்டபமாகவோ இருக்கும். தரைத்தளத்தில் இடம் உண்டா, கழிப்பறைக்குப் படி ஏற வேண்டுமா, மின் இணைப்புப் பலகை எங்கே என்று கிராம நிர்வாக அலுவலரிடமே கேட்கலாம். எங்களுக்கு ஒரு மூலையைச் சேலை கட்டி மறைத்துக்கொள்ள அனுமதி தந்தார்கள். படுக்கையில் இருப்பவருக்கு மறைப்பு மருந்துக்குச் சமம். கமோடு நாற்காலியைக் கையோடு கொண்டுபோங்கள்.

8. தங்கிய நாட்கள்

தங்குவதாக முடிவு செய்துவிட்டால் அதை 1077இல் பதிவு செய்யுங்கள்: எத்தனை பேர், எந்த மாடி, யாருக்கு என்ன நோய், எந்தப் பக்கம் ஜன்னல். வீதியில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். ஜன்னலில் சிவப்புத் துணி கட்டினால் உதவி வேண்டும், வெள்ளைத் துணி என்றால் நலம் என்று எதிர்வீட்டு அண்ணனிடம் பேசிவைத்திருந்தோம். கைப்பேசி கோபுரம் இரண்டாம் நாள் படுத்துவிட்டது, துணிதான் பேசியது.

கீழேயிருந்து மேலே போக வேண்டிய வரிசை: ஆள், மருந்து, குடிநீர், காகிதம், அடுப்பு. தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, ஜன்னல் கம்பியில் கட்டிவையுங்கள். கீழே விட்டால் மிதந்து சுவரில் மோதும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிநீர், ஐந்து நாளுக்கு. புழக்கத் தண்ணீர் தனி. மாடித் தொட்டியை முதல் நாளே நிரப்புங்கள்.

பாம்பு வரும். வரலாம் என்று சொல்லவில்லை, வரும். மாடிப்படியில் டார்ச் அடிக்காமல் கால் வைக்காதீர்கள். கடித்தால் கயிறு கட்டாமல், கீறாமல், ஆளை நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும்.

இரண்டாம் இரவு அத்தை "ஆற்றுச் சத்தம் கேட்கிறதா கண்ணு?" என்றார். வாய் கோணிய பிறகு அவர் முழு வாக்கியம் பேசுவதே அபூர்வம். பேச்சுத் துணைக்கும் ஆள் வேண்டும் என்பதை எந்தப் பட்டியலிலும் நான் எழுதியிருக்கவில்லை.

9. செலவு

2022இல் எங்களுக்கு ஆனது: மூன்று சிலிண்டர் வாடகையும் நிரப்பும் கூலியும் 2,400 ரூபாய், முன்பணம் 15,000 தனி, திரும்ப வந்துவிட்டது. மாமாவுக்கு வண்டி 1,500. டயாபரும் மருந்தும் 3,100. எமர்ஜென்சி விளக்கு இரண்டு, பவர் பேங்க் ஒன்று, 2,800. சாமான் ஏற்றிய கூலி 1,200. மொத்தம் பதினோராயிரம். 2018இல் ஒன்றும் தயாராகாமல் இருந்ததற்கு ஆனது, அத்தையின் முதுகுப் புண்ணுக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். ஏடிஎம் இயங்காது, சிலிண்டர்க்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் நூறு, இருநூறு நோட்டாகக் கையில் இருக்க வேண்டும்.

10. தண்ணீர் வடிந்த பிறகு

கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, சேறு படிந்த தறி, கட்டில், அரிசி மூட்டை எல்லாம் தெரிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும் நாளில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். பூட்டியிருந்த வீடுகள் பட்டியலில் விடுபட்டதைப் பார்த்தேன். சேதக் கணக்கில் தறியையும் எழுதச் சொல்லுங்கள், நாம் சொல்லாமல் எழுத மாட்டார்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, அவர்கள் ஆள் பார்க்கும்வரை சேதமான பொருளை வீசாதீர்கள். 2021 ஏப்ரல் முதல் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளமும் அடக்கம். வெள்ளம் வந்துகொண்டிருக்கும்போது எடுக்க முடியாது, சித்திரையிலேயே எடுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், இன்ஜின் போய்விடும்.

வயர்மேன் பார்க்காமல் மெயினைப் போட வேண்டாம். வெள்ளத் தண்ணீரில் நடந்தவருக்கு ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், 'வெள்ளத்தில் நடந்தேன்' என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்; எலிக்காய்ச்சலாக இருக்கலாம். படுக்கையில் இருப்பவரைத் தரைத்தளத்துக்கு இறக்க அவசரப்படாதீர்கள். ஈரச் சுவர் காய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அதுவரை அத்தை மாடியில்தான் இருந்தார்.

போன வைகாசியில் மாமாவின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். காமாலைப் பரிசோதனை அறிக்கைக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. மறுநாளே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் புதிதாக எடுத்துவந்தோம். சிலிண்டர் சாவி, பூஜை அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.